இரண்டு மெஷின், ஒரு கொளஞ்சி

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. கார் ஓட்டத் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் கொளஞ்சி.

நாற்பத்தொரு வயதில் ரெட்டியார்பாளையத்தில் அவர் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். இருபது நாளில் கற்றுத்தருவதாக போர்டில் எழுதியிருந்தார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு நாள் ஆனது. அந்த வண்டியில் இடது பக்கம் உட்காருகிறவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஐம்பத்திரண்டு நாளும் வண்டியை ஓட்டியவை கொளஞ்சியின் கால்கள்தான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு விழுப்புரம் ரோட்டை வேடிக்கை பார்த்தேன்.

"கிளட்ச் மேல ஏன் சார் குடியிருக்கீங்க? எறங்கி வாங்க," என்பார். "அந்த ஆட்டோக்காரன் உங்களுக்கு வழி விட்டான் பாத்தீங்களா? மரியாதன்னு நெனச்சுக்காதீங்க. பயம்."

அவர் கழுத்தில் கட்டி வந்து, அது நிணநீர்க் கணுக்களில் வருகிற புற்று என்று தெரிந்து, எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தபோது, என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது. "நீங்க இங்கதான் வேல பாக்கறீங்களா? மெஷின நீங்களா சார் ஓட்டுவீங்க?" என்றார். நியாயமான பயம்தான்.

நான் மெஷினை ஓட்டுவதில்லை. நான் மருத்துவ இயற்பியலாளர். ஸ்கேன் மெஷின் சொல்கிற எண்கள் சரியா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இதை என் மாமனார் சூசைக்கு விளக்க எட்டு வருஷமாக முயல்கிறேன். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், பாண்டி பாஷையில் சொல்தா. "டாக்டரா?" என்பார். இல்லை என்பேன். "மெக்கானிக்கா?" என்பார். கொஞ்சம் என்பேன். "செரி, சம்பளம் வருதுல்ல," என்று முடித்துக்கொள்வார்.

ஸ்கேன் விஷயம் இவ்வளவுதான். சர்க்கரையோடு கொஞ்சம் கதிரியக்கத்தைச் சேர்த்து ஊசியாகப் போடுவோம். புற்றணுக்களுக்குச் சர்க்கரை என்றால் பேராசை. மற்ற இடங்களைவிட அதிகமாக இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்து மெஷினில் படுக்கவைத்தால் அந்த இடம் ஒளிரும். போட்ட மருந்து உடம்பு முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் எண் ஒன்று. ஓரிடத்தில் நாலு என்று வந்தால் அந்த இடம் நாலு பங்கு இழுத்திருக்கிறது. அந்த எண்ணுக்கு எஸ்.யூ.வி. என்று பெயர். மார்ச் மாதம் கொளஞ்சிக்கு, முதல் சிகிச்சை முடிந்தும் நெஞ்சில் மிச்சமிருந்த ஒரு சின்னக் கணுவில் நாலு வந்தது. ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துவிட்டு, "ஸ்கூல்ல இருக்கிறது ரெண்டும் ஓட்ட வண்டி. எனக்குப் போய் எஸ்.யூ.வி. நாலுன்னு எழுதியிருக்காங்க," என்றார்.

டாக்டர் நிர்மலாதேவி தினம் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். கொளஞ்சிக்கு நன்றாகப் பசித்தது. மூன்று கிலோ கூடினார். ஜூனில் மறுபடி ஸ்கேன். இம்முறை எண் ஐந்து புள்ளி ஒன்பது.

நிர்மலாதேவி என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் போய் நின்றேன்.

"கிட்டத்தட்ட பாதி கூடிடுச்சு, கிளாட்வின்," என்றார். "கால் பங்கு கூடினாலே நோய் முன்னேறுதுன்னு எடுத்துக்கணும். மாத்திரை வேலை செய்யல."

"கட்டியோட அளவு மாறலையே மேடம்."

"அளவு எப்பவும் லேட்டா வரும். சர்க்கரைதான் முதல்ல சொல்லும். இதை உங்க ஆளுங்கதான் எனக்கு வகுப்பு எடுத்தீங்க."

"மார்ச்சுல எடுத்தது டவுன்ல பழைய மெஷின். இது ரெட்டியார்பாளையம் கிளைல புது மெஷின்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அவரை அங்க போகச் சொன்னது யாரு?"

நான்தான். வீட்டுக்குப் பக்கம், நடந்தே போய் வரலாம் என்று சொன்னேன். நல்ல எண்ணம். என் வாழ்க்கையில் நடந்த பெரிய தப்புகளை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நல்ல எண்ணங்கள்தான்.

புது மெஷினுக்குக் கண் கூர்மை. சின்னக் கட்டி ஒன்றைப் பழைய மெஷின் கண்ணாடி போடாதவர் மாதிரி பார்க்கும். ஒளி சுற்றிலும் கசிந்து மங்கலாகத் தெரியும். புதுசு அதையே குவித்துப் பளிச்சென்று காட்டும். சில சமயம் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். அதே கட்டி, அதே சர்க்கரை, ஆனால் எண் வேறு. இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்றால், புது மெஷின் வந்து இறங்கிய வாரமே இரண்டையும் ஒன்றோடொன்று ஒத்துப்பேச வைத்திருக்க வேண்டும். நான் அதற்கென்று ஒரு ஃபைல் திறந்து, அட்டையில் பெயர் எழுதி வைத்திருந்தேன். அழகாக எழுதியிருந்தேன்.

"திங்கக்கிழமை அவருக்கு மருந்தை மாத்தப்போறேன்," என்றார் நிர்மலாதேவி. "ட்ரிப்ஸ்ல போடுறது. வீரியமான மருந்து. பாதிப் பேருக்குப் பாதம் மரத்துப் போகும். சில பேருக்கு அது திரும்பி வர்றதே இல்ல."

அவர் அதைக் கொளஞ்சியிடமும் சொல்லியிருந்தார். வராந்தாவில் கொளஞ்சி செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மரத்துப் போறதுன்னா எப்படி சார்? ஒக்காந்து எந்திரிச்சா வருமே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான். ஆனா போகாது."

"அப்ப பிரேக்க அமுக்கினமா இல்லையான்னு எப்படித் தெரியும்? குனிஞ்சு பாத்துக்கிட்டா இருக்க முடியும்?" பெருவிரலை மடக்கி நீட்டினார். "புதுசா வர்றவன் தப்பு பண்றதுக்கு முன்னாடி பெடல்ல ஒரு துடிப்பு வரும் சார். அது எனக்கு இந்த எடத்துல தெரியும். உங்களயெல்லாம் அத வச்சித்தான் உசுரோட வீட்டுக்கு அனுப்பினேன்."

ஐம்பத்திரண்டு நாள் சாட்சி நான்.

"உசுருதான் முக்கியம்னா போட்டுக்கறேன். வீட்ல மாலாகிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன். டாக்டரம்மா மேல எனக்குச் சந்தேகம் இல்ல." செருப்பை மாட்டிக்கொண்டார். "அந்த நம்பரு நெசமான்னு மட்டும் ஒரு தடவ பாத்துச் சொல்லிருங்க. பொய்யான நம்பருக்கு என் கால குடுக்க முடியாது."

அன்று வியாழக்கிழமை.

பழைய மெஷினிலேயே இன்னொரு தடவை அவரைப் படுக்கவைத்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரே மாதத்தில் இரண்டாவது ஸ்கேனுக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமில்லை என்றார்கள். இடமிருந்தாலும், குழப்பம் எங்கள் மெஷின்களுடையது என்றால் அதற்காக அவர் உடம்பில் எதற்கு இன்னொரு ஊசி? படுக்க வேண்டியவர் அவர் அல்ல. பேன்டம்தான் படுக்க வேண்டும்.

பேன்டம் என்பது பெரிய பிளாஸ்டிக் டப்பா. உள்ளே கோலிக்குண்டு அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை ஆறு கண்ணாடி உருண்டைகள். டப்பாவில் தண்ணீரும் கொஞ்சம் கதிரியக்கச் சர்க்கரையும். உருண்டைகளில் அதைவிடப் பல மடங்கு சர்க்கரை. உருண்டைகள்தான் கட்டி, தண்ணீர்தான் உடம்பு. எதில் எவ்வளவு ஊற்றினோம் என்று நமக்கே தெரியும் என்பதால் மெஷின் நம்மிடம் கதை விட முடியாது. டப்பாவை இரண்டு மெஷினிலும் வைத்துப் பார்த்து, புது மெஷினின் படத்தை எவ்வளவு மங்கலாக்கினால் பழைய மெஷினோடு ஒத்துப்போகும் என்று கண்டுபிடித்துவிட்டால், அதே மங்கலைக் கொளஞ்சியின் ஜூன் படத்துக்கும் கொடுக்கலாம். அப்புறம்தான் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அர்த்தம் உண்டு.

வெள்ளிக்கிழமை நான் இதைச் சொல்லச் சொல்ல நிர்மலாதேவி கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க அவர்கிட்ட டிரைவிங் கத்துக்கிட்டவர்."

"கத்துக்கிட்டேன்னு சொல்ல முடியாது மேடம்."

"அதான் இன்னும் மோசம், கடன்பட்டிருக்கீங்க. நீங்க அந்த மங்கலாக்குற ஃபில்டரை ஏத்தி எறக்கி உங்களுக்குப் பிடிச்ச நம்பரைக் கொண்டுவந்து நீட்டினா நான் என்ன பண்றது?"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் முந்தின இரவு படுக்கையில் நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். டப்பாவை மட்டும் வைத்து ஃபில்டரை முடிவு செய்வேன். அதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அவரிடம் கொடுத்துவிடுவேன். அதன் பிறகுதான் கொளஞ்சியின் படத்தைத் திறப்பேன். உறையில் என்ன இருக்கிறதோ அதுதான். பேரம் கிடையாது.

சனிக்கிழமை காலை மருந்து சென்னையிலிருந்து வந்தது. இந்த மருந்து ஒரு மணி ஐம்பது நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் கரைந்துவிடும். அதைக் கொண்டுவரும் டிரைவர் காத்தவராயனுக்கு அதனால் பேச்சும் சுருக்கம். "காலாப்பட்டு தாண்டிட்டேன்," என்று போன் வரும், சொன்ன நேரத்தில் வாசலில் நிற்பார், போனைப் பார்த்து ரிஜிஸ்டரில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார்.

மருந்தை அளந்து எடுக்கும் அறைக்கு ஹாட் லேப் என்று பெயர். கதவில் ஒரு அறிவிப்பு உண்டு. 'செல்போன் உள்ளே கொண்டுவரக் கூடாது. மருந்துத் துளி ஒட்டும் அபாயம்.' கீழே என் கையெழுத்து. நான் பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்து மேஜையில் வைத்து, நேரம் பார்த்து எழுத ஆரம்பித்தேன்.

"சார், செல்லு," என்றாள் லூர்துசெல்வி. பத்து வருஷமாக எங்களோடு இருக்கும் டெக்னீஷியன். தினமும் ஊசி போடுவது அவள்தான்.

"நான் பிசிசிஸ்ட்."

"பிசிசிஸ்ட் செல்லுல ஒட்டாதா சார்?"

உருண்டைகளை நிரப்பினேன். பழைய மெஷினில் டப்பாவைப் படுக்கவைத்து எடுத்து முடித்தோம். லூர்துசெல்வி ஹாட் லேப் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒண்ணே முக்காலா? ஒண்ணு நாப்பது காலாப்பட்டு பஸ்ஸ புடிச்சிரலாம்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். என் காதில் அது விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

ஈயப் பெட்டியில் டப்பாவை வைத்து ஆஸ்பத்திரி வேனில் ரெட்டியார்பாளையம் கொண்டுபோனேன். புது மெஷினில் எடுத்தேன். தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டு மெஷினும் ஒன்று என்றே சொல்லின, சத்தியவான்கள் மாதிரி. உருண்டைகளில்தான் பிரிந்தன. சின்ன உருண்டையைப் பழசு அமுக்கிச் சொன்னது, புதுசு ஊதிச் சொன்னது. ஏழு மில்லிமீட்டர் அளவு மங்கலாக்கினால் இரண்டும் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. ஏழு என்று தாளில் எழுதி ஒட்டினேன். நிர்மலாதேவி உறையின் வாய் மேல் கையெழுத்துப் போட்டுத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொளஞ்சியின் ஜூன் படத்தைத் திறந்து, ஏழு கொடுத்தேன்.

நாலு புள்ளி எட்டு.

மார்ச்சில் நாலு. இருபது சதவீதம் கூடுதல். நிர்மலாதேவிக்குப் போன் செய்தேன்.

"கால் பங்குக்குக் கீழதான்," என்றார். "ஆனா வேலியைத் தொட்டுக்கிட்டு நிக்குது. எட்டு வாரம் சும்மா விட்டு, அது நெஜமாவே கூடியிருந்தா, அப்புறம் நான் யாரைக் கேக்கறது? மன்னிச்சுக்கோங்க கிளாட்வின். நாளைக்கு மாத்திடலாம்னுதான் தோணுது."

போனை வைத்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏழுக்குப் பதில் ஒன்பது கொடுத்துப் பார்த்தேன். நாலு புள்ளி மூன்று வந்தது. மிகவும் அழகான எண். உறை மட்டும் அந்த அம்மாளின் கைப்பையில் இல்லாமல் என் மேஜையில் இருந்திருந்தால் அன்று நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. ஒன்பதை அழித்தேன்.

வேறு வேலை ஓடாததால் இரண்டு படங்களையும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஈரலைப் பார்த்தேன். ஈரல் பெரிய உறுப்பு. மங்கல் கூர்மை எல்லாம் அதை ஒன்றும் செய்யாது; இரண்டு மெஷினுக்கும் அது ஏறத்தாழ ஒன்றாகத்தான் தெரிய வேண்டும். மார்ச்சில் ஒன்று புள்ளி ஒன்பது. ஜூனில் இரண்டு புள்ளி ஒன்று. ஒரு ஆளுக்கு அப்படி இருக்கலாம். இரண்டு மெஷினிலும் படுத்தவர்கள் பதினோரு பேரைத் தேடி எடுத்தேன். பதினோரு பேருக்கும் பழைய மெஷினில் ஈரல் குறைவு. எல்லோருக்கும் எட்டு, ஒன்பது, பத்து சதவீதம்.

நேற்று அதே பழைய மெஷின் டப்பாத் தண்ணீரைச் சரியாகச் சொன்னதே. தண்ணீருக்கு உண்மை சொல்கிற மெஷின் மனிதர்களுக்கு மட்டும் ஏன் குறைத்துச் சொல்கிறது? டப்பாவுக்கும் மனிதர்களுக்கும் என்ன வித்தியாசம்? ஞாயிறு முழுவதும் யோசித்தேன். மனைவி மெரின் கேட்டதற்கெல்லாம் "ம்" என்றேன். அவள் ஒரு கட்டத்தில், "சோத்துல உப்பு இல்லன்னு சொன்னேன், அதுக்கும் ம்-மா?" என்றாள்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது விடையில் பாதி கிடைத்தது. டப்பாவுக்கு மருந்து ஊற்றியது நான். மனிதர்களுக்கு ஊற்றுவது லூர்துசெல்வி.

திங்கட்கிழமை காலை ஹாட் லேப்பில் போய் நின்றேன். "தினம் எப்படிச் செய்வியோ அப்படியே செய். நான் இருக்கேன்னு நெனைக்காத," என்றேன்.

"அப்ப ஸ்டூல்ல இருந்து எந்திரிங்க சார். தினம் அது காலியாத்தான் இருக்கும்."

எழுந்தேன். அவள் மருந்தை அளந்தாள். முதல் நோயாளிக்கு ஊசி போட்டாள். ஒரு துளி சிந்தவில்லை, ஒரு அசைவு வீணில்லை. அண்ணாந்து சுவரைப் பார்த்தாள். எட்டு இருபத்துநாலு என்று எழுதினாள்.

நான் செல்போனைப் பார்த்தேன். எட்டு பத்து.

"லூர்து, மணி எட்டு பத்து."

"ஆமா சார்."

"எட்டு இருவத்திநாலுன்னு எழுதியிருக்கியே."

"கடிகாரத்துல அப்படித்தான இருக்கு?"

"கடிகாரம் பதினாலு நிமிஷம் முன்னாடி ஓடுது."

"அது ஆஸ்பத்திரிக்கே தெரியும் சார்," என்றாள் பொறுமையாக. "நீங்கதானே வெச்சீங்க."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

போன அக்டோபர். காலை டீக்குப் போகிறவர்கள் சாவகாசமாகத் திரும்பி வருகிறார்கள், அதற்குள் மருந்து கரைகிறது என்று எனக்குக் கோபம். இதே ஸ்டூலில் ஏறி, கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தேன். ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் கூடத்துக் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால்தான் ஓடுகிறது. நாமும் செய்தால் என்ன என்ற தைரியம். மீதி நாலு நிமிஷத்தை அது இந்த எட்டு மாதத்தில் தானாகவே சம்பாதித்திருக்கிறது. என் மாமனார் வீட்டில் பாரீஸ் நேரத்துக்கு ஒன்று, பாண்டி நேரத்துக்கு ஒன்று என்று இரண்டு கடிகாரம். இரண்டும் நொடி பிசகாது. அவர் மருமகன் கதிரியக்கத்துக்கு அதிகாரி.

"பஸ்ஸுக்குக் கழிச்சுக்குவோம், சாப்பாட்டுக்குக் கழிச்சுக்குவோம்," என்றாள் லூர்துசெல்வி. அவள் முகம் இப்போது மாறியிருந்தது. "ஊசிக்கும் கழிக்கணும்னு நீங்க எழுதி ஒட்டலையே சார். செல்லு கொண்டுவரக் கூடாதுன்னுதான் ஒட்டினீங்க."

"உன் தப்பு ஒண்ணும் இல்ல."

"எத்தினி பேருக்கு சார்?"

"உன் தப்பு இல்லம்மா," என்றேன் மறுபடியும்.

நடந்தது இதுதான். எட்டு பத்துக்குப் போட்ட ஊசியை எட்டு இருபத்துநாலுக்குப் போட்டதாக மெஷினிடம் சொல்கிறோம். மெஷினின் சொந்தக் கடிகாரம் சரியானது. ஆகவே உடம்பில் இருப்பதைவிட அதிக மருந்து மிச்சமிருக்கும் என்று அது நம்புகிறது. அந்தப் பெரிய தொகையால் வகுக்கிறது. எண் சுருங்குகிறது. நான் சோதனை செய்யும்போதெல்லாம் என் அறிவிப்பை நானே மீறி செல்போனைப் பார்த்து எழுதினேன். அதனால் சோதனை எப்போதும் சரியாக வந்தது. விதியை ஒழுங்காக மதித்தவளின் எண்கள் தப்பு. மீறியவனின் எண்கள் சரி. இப்படியும் ஒருவன் ஏமாற முடியும், அதுவும் சொந்தச் செலவில்.

ஆக, தவறு ஜூன் எண்ணில் மட்டும் இல்லை. மார்ச்சின் நாலும் நாலு இல்லை.

ஆனால் மார்ச்சில் அந்தக் கடிகாரம் எவ்வளவு முன்னால் ஓடியது? நிர்மலாதேவி முதலில் அதைத்தான் கேட்பார். கடிகாரத்திடம் கேட்க முடியாது. ரிஜிஸ்டரிடம் கேட்கலாம் என்று லூர்துசெல்வி சொன்னாள். எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத்தான் தோன்றியது. மருந்து கொண்டுவரும் காத்தவராயன் தன் போனைப் பார்த்து ஒரு நேரம் எழுதுவார். பக்கத்துக் கட்டத்தில் பெற்றுக்கொண்ட நேரத்தை லூர்துசெல்வி சுவரைப் பார்த்து எழுதுவாள். இரண்டும் ஒரே மேஜையில், ஒரே பேனாவில். செப்டம்பர் வரை இரண்டு கட்டத்திலும் ஒரே நேரம். அக்டோபர் நடுவில் ஒரு நாள் பத்து நிமிஷ வித்தியாசம் குதிக்கிறது. பிறகு பதினொன்று, பன்னிரண்டு. கொளஞ்சி ஸ்கேன் எடுத்த மார்ச் நாளில், வந்தது ஏழு ஐந்து, பெற்றது ஏழு பதினெட்டு. பேனாவை நீட்டி வாங்கப் பதின்மூன்று நிமிஷம் ஆனதாக எட்டு மாதமாக எழுதி, மாதாமாதம் கீழே நான் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

பதின்மூன்று நிமிஷத்தைக் கழித்துக் கணக்கிட்டால் மார்ச் எண் நாலு அல்ல, நாலு புள்ளி மூன்று.

பதினோரு மணிக்கு நிர்மலாதேவியின் அறையில் ரிஜிஸ்டரை விரித்து வைத்தேன். வெளியே வராந்தாவில் கொளஞ்சி உட்கார்ந்திருந்தார். அவருக்கான புது மருந்துச் சீட்டு மேஜையில் தயாராக இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி.

நிர்மலாதேவி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். தன் கைப்பையிலிருந்து உறையை எடுத்துப் பிரித்து, ஏழு என்று இருப்பதையும் பார்த்துக்கொண்டார்.

"நாலு புள்ளி மூணு, நாலு புள்ளி எட்டு," என்றார். "பதினொண்ணு, பன்னெண்டு சதவீதம்."

"ஒரே ஆளை ஒரே மெஷின்ல ரெண்டு நாள் எடுத்தாலே அவ்வளவு வரும் மேடம்."

"தெரியும்." பிறகு ரிஜிஸ்டரை மூடினார். "கடிகாரத்தை யாரு தள்ளி வெச்சது?"

ஒரு கணம் ஊர் வழக்கத்தைப் பற்றியும், கூடத்துக் கடிகாரங்களைப் பற்றியும் நீளமாகச் சொல்லலாமா என்று நாக்கு துடித்தது.

"நான்தான்."

"எத்தனை நோயாளிங்க?"

"முன்னூத்தி நாப்பத்திரெண்டு. அதுல ரெண்டு ஸ்கேனும் இந்த எட்டு மாசத்துக்குள்ள பழைய மெஷின்லயே எடுத்தவங்களுக்கு அநேகமா பாதகமில்ல, ரெண்டும் ஒரே மாதிரி குறைஞ்சிருக்கும். ஒண்ணு அக்டோபருக்கு முன்ன, ஒண்ணு பின்ன எடுத்தவங்க முப்பத்தொரு பேர். அவங்களுக்குக் கூடியிருந்தாலும் கூடாத மாதிரி காட்டியிருக்கும். ரெண்டு மெஷின்லயும் எடுத்த பதினோரு பேரையும் கொளஞ்சி மாதிரியே திருத்தணும்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அந்த லிஸ்ட் எனக்குச் சாயங்காலத்துக்குள்ள வேணும்," என்றார். "அவங்க டாக்டர்களுக்குக் கடிதம் உங்க கையெழுத்துல போகணும். என்ன நடந்துச்சுன்னு அப்படியே எழுதுங்க. 'தொழில்நுட்பக் காரணம்'னு ஒரு வார்த்தை பாத்தேன்னா கிழிச்சுடுவேன்."

அன்று மாலை முப்பத்தொரு பேரையும் திருத்திக் கணக்குப் போட்டேன். இருவருக்கு எண் எல்லையைத் தாண்டியது. நிர்மலாதேவி அப்போதே அவர்களைப் போனில் கூப்பிட்டார். ஒருவர் லாசுப்பேட்டை, ஒருவர் பாகூர். இரண்டு பெயரும் எனக்கு இப்போதும் முகவரியோடு மனப்பாடம்.

ஆனால் அதெல்லாம் மாலையில். காலை பதினொன்றேகாலுக்கு அவர் கொளஞ்சியின் புது மருந்துச் சீட்டை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"மாத்திரையே தொடரட்டும். எட்டு வாரம் கழிச்சு புது மெஷின், உங்க ஏழு. அப்பவும் வேலி மேல ஏறி நின்னா நான் மாத்திடுவேன். அவர்கிட்ட அதையும் சொல்லிடுங்க. நல்லதை மட்டும் சொல்லிட்டு வராதீங்க."

வராந்தாவில் நான் இரண்டையும் சொன்னேன். கொளஞ்சி கவனமாகக் கேட்டார்.

"கொறையல."

"குறையல. ஆனா கூடவும் இல்ல."

"மேட்டுல நிறுத்தின வண்டி மாதிரி, பின்னால உருளாம நிக்குது."

"இப்போதைக்கு."

"இப்போதைக்குப் போதும் சார். ஹேண்ட் பிரேக் புடிக்குதுன்னு தெரிஞ்சிதுல்ல." இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி எழுந்தார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

டவுனுக்கும் கிளைக்கும் அலைய வேண்டியிருந்ததால் அன்று மெரினின் காரை எடுத்து வந்திருந்தேன். வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றேன். "நீங்க ஓட்டியா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, இன்று எதற்கும் துணிந்தவர் மாதிரி ஏறி இடது பக்கம் உட்கார்ந்தார்.

போகிற வழியில் கடிகாரக் கதையைச் சொன்னேன். அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அந்த நாலும் பொய், அதற்கு நான்தான் காரணம். அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீங்க காலைல எத்தினி மணிக்கு கிளாசுக்கு வருவீங்க, ஞாபகம் இருக்கா சார்?"

"ஏழரை. ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்ல."

"கிளாஸ் எட்டு மணிக்கு. ஆளுங்க லேட்டா வருவாங்கன்னு எல்லாருக்கும் ஏழரன்னுதான் சொல்றது. நீங்க ஒருத்தர்தான் டாண்ணு ஏழரைக்கு வந்து வண்டிகிட்ட நிப்பீங்க."

"நீங்க எட்டு மணிக்குத்தானே வருவீங்க? அலைச்சல் போலன்னு நெனச்சேன்."

"எதிர் கடைல டீ குடிச்சிக்கிட்டு உங்களத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்," என்றார். "ஐம்பத்திரெண்டு நாளும்."

சிரிக்கலாமா கூடாதா என்று நான் முடிவு செய்வதற்குள் இந்திரா சிலை சிக்னல் வந்துவிட்டது. மஞ்சள் விழுந்தது. முன்னால் போன விழுப்புரம் பஸ் சட்டென்று நின்றது. இடது பக்கத்தில், வெறும் ரப்பர் மிதியடியின் மேல், கொளஞ்சியின் வலது கால் இறங்கி அழுத்தியது. பெருவிரலில் இருந்து குதிகால் வரை, அளவாக, கடைசியில் ஒரு துளி தளர்த்தி. வண்டி பஸ்ஸுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது.

நானும் அழுத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

"இந்த வண்டில அந்தப் பக்கம் பெடல் கிடையாது," என்றேன்.

"தெரியும் சார்," என்றார். காலை எடுக்கவில்லை. "பச்ச விழுந்துருச்சு. கிளட்ச்ச விட்டு எறங்கி வாங்க."